கூரை ஆன்டெனாவிலிருந்து கைப்பேசி வரை: அமெரிக்க வீட்டில் எச்டி டிவியைப் பதிவு செய்து பார்க்க முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவுக்கு வந்து பத்து வருடம் ஆன பிறகும் பல தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த விஷயம் தெரிவதில்லை. ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி., ஃபாக்ஸ், பி.பி.எஸ். ஐந்தும் இன்றைக்கும் காற்றில் இலவசமாக, எச்டி தரத்தில் வருகின்றன. சந்தா கிடையாது, கணக்கு கிடையாது, கடவுச்சொல் கிடையாது. 2009 ஜூன் 12-ஆம் தேதி பெரிய நிலையங்கள் அனலாக்கை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறியதிலிருந்து, ஒரு ஆன்டெனா இருந்தால் போதும். அதைப் பதிவு செய்து, வீட்டில் எந்தத் திரையிலும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கும்படி அமைப்பது எப்படி என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

நான் இருப்பது நியூ ஜெர்சியின் எடிசனில். அதனால் உதாரணங்கள் எல்லாம் நியூயார்க் நிலையங்களாகவே இருக்கும். உங்கள் ஊருக்குச் சேனல் எண்கள்தான் மாறும், வேலை ஒன்றேதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதிவுக் கருவி திரையைப் படம் பிடிப்பதில்லை. கோபுரத்திலிருந்து வரும் டிஜிட்டல் ஓட்டத்தை அப்படியே கோப்பில் எழுதி வைக்கிறது. நல்ல சிக்னல் வந்தால் நிலையம் அனுப்பிய அதே தரம், துளி குறையாமல் உங்கள் டிஸ்க்கில் இருக்கும். சிக்னல் உடைந்து வந்தால் அந்த உடைசலும் அப்படியே பதிவாகும், பிறகு எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. ஆகவே உங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் ஆன்டெனாவுக்குக் கொடுங்கள். பதிவுகளை வைத்துத் திரைகளுக்கு அனுப்பும் கணினியான சர்வரும், மென்பொருளும் ஒரு சனிக்கிழமை மதியத்தில் முடிந்துவிடும்.

முகவரியைப் போட்டுப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ராபிட்இயர்ஸ் என்ற இணையதளத்துக்குப் போய் உங்கள் முகவரியையும், ஆன்டெனா வைக்கப்போகும் உயரத்தையும் கொடுங்கள். எந்தெந்த நிலையம், எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், எவ்வளவு பலத்தோடு வரும் என்று பட்டியல் கிடைக்கும். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் தளத்திலும் இதே மாதிரி வரைபடம் உண்டு. ஆனால் ராபிட்இயர்ஸ் தரும் விவரம் அதிகம்.

அந்தப் பட்டியலில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டு எண்கள். டிவியில் தெரியும் எண் ஒன்று. நிலையம் உண்மையில் ஒளிபரப்பும் அலைவரிசையின் எண் மற்றொன்று. நியூயார்க்கில் திரையில் 2 என்று தெரியும் சி.பி.எஸ். உண்மையில் 36-இல் வருகிறது. 13 என்று தெரியும் பி.பி.எஸ். 12-இல். ஏ.பி.சி. 7-இலேயே இருக்கிறது, உள்ளூர் நிலையமான பிக்ஸ் 11-இலேயே இருக்கிறது. உண்மையான எண் 14 முதல் 36 வரை என்றால் யு.எச்.எஃப்.; 7 முதல் 13 வரை என்றால் உயர் வி.எச்.எஃப்.; 2 முதல் 6 வரை என்றால் தாழ் வி.எச்.எஃப். எந்த ஆன்டெனா வாங்குவது என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கும்.

நான் இதில்தான் ஏமாந்தேன். ஜன்னலில் ஒட்டும் தட்டை ஆன்டெனா ஒன்றை முதலில் வாங்கினேன். பெட்டியில் பெரிய மைல் கணக்கு போட்டிருந்தது. சி.பி.எஸ். கண்ணாடி மாதிரி வந்தது, என்.பி.சி. வந்தது. வீட்டில் குழந்தைகள் பார்க்கும் 13 மட்டும் வரவே இல்லை, 7-உம் 11-உம் வந்து வந்து போயின. ஜன்னல் ஜன்னலாக மாற்றி ஒட்டிப் பார்த்து இரண்டு வாரம் வீணாயிற்று. காரணம் எளிமையான கணக்கு. 7-ஆம் சேனலின் அலைநீளம் ஏறத்தாழ 1.7 மீட்டர். அதைச் சரியாகப் பிடிக்க அதில் பாதி, அதாவது 85 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பி வேண்டும். ஓரடித் தாளில் அதற்கு இடமே இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் மைல் கணக்கை நம்பாதீர்கள். கம்பியின் நீளத்தைப் பாருங்கள்.

ஆன்டெனா

உங்கள் நிலையங்களில் ஒன்றாவது உயர் வி.எச்.எஃப். என்றால், யு.எச்.எஃப். பகுதியும் நீளமான வி.எச்.எஃப். கம்பிகளும் சேர்ந்த ஆன்டெனாவை வாங்குங்கள். கோபுரங்கள் எல்லாம் ஒரே திசையில் இருந்தால் அந்தத் திசையை மட்டும் பார்க்கும் ஆன்டெனா நல்லது. எடிசனிலிருந்து ஒன் வேர்ல்ட் டிரேட் சென்டரும் எம்பயர் ஸ்டேட் கட்டடமும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில், வடகிழக்கே, 25 மைல் சுமாரில் இருக்கின்றன. எனக்கு ஒரே திருப்பம் போதுமாயிற்று. இரண்டு நகரங்களுக்கு நடுவில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் எந்த நகரம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

எங்கே வைப்பது? கூரைதான் முதல் இடம். அடுத்தது அட்டிக், அதாவது கூரைக்கு அடியிலுள்ள பரண். அட்டிக்கில் மழை, பனி, காற்றுத் தொல்லை இல்லை, பராமரிப்பும் இல்லை. ஆனால் கூரைப் பலகையும் ஓடும் சிக்னலைத் தின்னும். அட்டிக்கில் அலுமினியத் தாள் ஒட்டிய இன்சுலேஷன் இருந்தால் அந்த யோசனையையே விட்டுவிடுங்கள். வெளியில் வைப்பதானால் மின்கம்பிகளிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். கம்பத்தையும், ஆன்டெனாவிலிருந்து வரும் கோக்ஸ் கேபிளையும் செப்புக் கம்பியால் வீட்டின் எர்த்தோடு இணைப்பது கட்டாயம். அதில் பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இந்த ஒன்றில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

குடியிருப்புச் சங்கம் ஆன்டெனா கூடாது என்று கடிதம் அனுப்பினால் பதற வேண்டாம். உங்கள் சொந்த உபயோகத்தில் மட்டும் இருக்கும் கூரையிலோ பால்கனியிலோ டிவி ஆன்டெனா வைப்பதைச் சங்கங்கள் தடுக்கக்கூடாது என்று எஃப்.சி.சி. விதி 1996-இலிருந்தே இருக்கிறது. பொதுக் கூரைக்கு அது பொருந்தாது.

திருப்புவது

ஆன்டெனாவின் சிக்னலிலிருந்து சேனலைப் பிடித்துத் தரும் பெட்டிதான் ட்யூனர். நான் வைத்திருப்பது எச்டிஹோம்ரன், அதைப் பற்றிக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன். ஆனால் ஆன்டெனாவைத் திருப்பும்போது அது கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் எண்களைக் காட்டப்போவது அதுதான்.

எங்கள் வீட்டில் இந்த வேலையைச் செய்தது அப்பா. தூத்துக்குடியில் எண்பதுகளில் மொட்டைமாடியில் உயரமான கம்பம் நட்டு இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்தவர் அவர். இங்கே ஆறு மாதம் தங்க வந்தபோது, கட்டம் கட்டமாக உடைந்த படத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இது ஆன்டெனா கோளாறு, பெட்டியில ஒண்ணுமில்ல" என்றார். நான் அட்டிக்கில் ஏறி ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏணிக்குக் கீழே கைப்பேசியோடு நின்றார்.

"இப்ப எவ்வளவு?"

"எண்பத்தி ரெண்டு... இரு, இரு, குறையுது. திரும்பக் கொண்டா."

அன்று புள்ளிக்கோலம் மாதிரிப் படத்தைப் பார்த்துச் சொன்னார்கள், இன்று எண்ணைப் பார்த்துச் சொல்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்த எண்ணைப் பார்ப்பது என்பதுதான் முக்கியம். எச்டிஹோம்ரன் ட்யூனரின் நிலைப் பக்கத்தில் மூன்று அளவுகள் தெரியும்: சிக்னல் வலிமை, சிக்னல் தரம், சிம்பல் தரம். வலிமை 100 ஆக இருக்கத் தேவையில்லை. மிக அதிகமாக இருப்பதும் கெடுதல். சிம்பல் தரம் மட்டும் அசையாமல் 100-இல் நிற்க வேண்டும். அது 100 என்றால் பிழையே இல்லாமல் தரவு வருகிறது என்று அர்த்தம். அது அடிக்கடி குதித்தால் அந்தச் சேனலின் பதிவில் கட்டங்கள் நிச்சயம். டிஜிட்டலில் அனலாக் மாதிரி மெல்ல மெல்ல மங்கல் வராது. ஓர் எல்லை வரை முழுசாக இருக்கும், அதற்குக் கீழே போனால் திடீரென்று இல்லாமல் போய்விடும். அந்த எல்லையின் விளிம்பில் நிற்கும் சேனல் இன்று நன்றாக வரும், மழையிலோ கோடையில் மரம் தழைத்த பிறகோ காணாமல் போகும். அதனால் ஆகப் பலவீனமான சேனலை வைத்துத் திருப்புங்கள். அது சரியானால் மற்றவை தானாக வந்துவிடும். ஒரு முழம் தள்ளி வைத்தால்கூட எண் மாறும். திருப்புவதோடு இடத்தையும் மாற்றிப் பாருங்கள்.

கேபிள்

ஆர்ஜி6 கோக்ஸ் கேபிள் வாங்குங்கள். முனைகளில் கம்ப்ரெஷன் வகைக் கனெக்டர். ஸ்ப்ளிட்டர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இரண்டாகப் பிரித்தால் 3.5 டெசிபெல் போகும், நான்காகப் பிரித்தால் 7 போகும். நெட்வொர்க் ட்யூனரின் பெரிய லாபமே இங்கேதான். கேபிள் ஒரே இடத்தில் முடிகிறது, மற்ற டிவிகளுக்கெல்லாம் வீட்டு வைஃபைதான்.

ஆம்ப்ளிஃபையர் வாங்க அவசரப்படாதீர்கள். அது கேபிளில் போகும் இழப்பை ஈடுகட்டும். ஆன்டெனாவுக்கு வராத சிக்னலை உண்டாக்காது. கோபுரம் பக்கத்தில் இருந்தால் ட்யூனரைத் திணறடித்து நல்ல சேனலையும் கெடுத்துவிடும். இன்னொன்று, 36-க்கு மேல் இருந்த பழைய டிவி அலைவரிசையில் இப்போது செல்போன் கோபுரங்கள் ஓடுகின்றன. அதற்கு ஒட்டினாற்போல் 36-இல் இருக்கும் சி.பி.எஸ். மட்டும் காரணமில்லாமல் உடைந்தால் பக்கத்துச் செல்போன் கோபுரத்தைச் சந்தேகப்படுங்கள். எல்டிஇ ஃபில்டர் என்று ஒரு சின்ன உருளை கிடைக்கும். 600 மெகாஹெர்ட்ஸ் போன் அலைவரிசையையும் தடுக்கிறது என்று பார்த்து வாங்கி, ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் மாட்டுங்கள்.

ட்யூனரும் நெட்வொர்க்கும்

எச்டிஹோம்ரன் என்பது உள்ளங்கையளவு பெட்டி. ஒரு பக்கம் கோக்ஸ், இன்னொரு பக்கம் ஈதர்நெட். இரண்டு ட்யூனர் உள்ளது, நான்கு ட்யூனர் உள்ளது என்று கிடைக்கிறது. ஒரு ட்யூனர் ஒரு நேரத்தில் ஒரு சேனலைப் பிடிக்கும். மாலை 8 மணிக்கு இரண்டு நிகழ்ச்சிகள் பதிவாகும்போது பாட்டி செய்தி பார்க்க வேண்டுமென்றால் மூன்று தேவை. குடும்பமாக இருப்பவர்கள் நான்கையே வாங்கிவிடுங்கள்.

ரௌட்டரோடு வயரில் இணைத்து, பிரவுசரில் அதன் பக்கத்தைத் திறந்து சேனல்களைத் தேடச் சொல்லுங்கள். ஓரிரு நிமிடங்களில் பட்டியல் வந்துவிடும். ரௌட்டரின் அமைப்பில் ட்யூனருக்கும் சர்வருக்கும் மாறாத ஐபி முகவரி ஒதுக்குங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறி, எல்லாப் பதிவும் நின்றுபோயிருக்கும். அது நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் தெரியவரும்.

ஒரு சேனலின் முழு அலைவரிசை வினாடிக்கு 19.39 மெகாபிட். நான்கு ட்யூனர்கள் ஒன்றாக ஓடினாலும் 78-ஐத் தாண்டாது, சாதாரண ஈதர்நெட்டுக்கு அது லேசான சுமை. வைஃபைக்கு அப்படி இல்லை. ட்யூனரிலிருந்து சர்வர் வரை கண்டிப்பாக வயர் இருக்கட்டும். வயர் இழுக்க வழியில்லையா? பெரும்பாலான அமெரிக்க வீடுகளில் அறைக்கு அறை பழைய கேபிள் டிவி கோக்ஸ் சுவருக்குள்ளேயே இருக்கும். மோக்கா என்ற அடாப்டர் ஜோடி அதை ஈதர்நெட் ஆக்கிவிடும்.

சர்வர்

புதிய கணினி தேவையில்லை. ஏழாம் தலைமுறை இன்டெல் பிராசசரோ அதற்குப் பிந்தியதோ உள்ள பழைய ஆபீஸ் டெஸ்க்டாப், அல்லது என்100 சிப் உள்ள மினி பிசி போதும். இன்டெல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே ஒளிபரப்பு வருவது எம்பெக்-2 என்ற பழைய வடிவில். டிவியில் மாட்டும் ஸ்ட்ரீமிங் குச்சிகள் பலவற்றுக்கு அது புரியாது. சர்வர் அதை ஹெச்.264 ஆக மாற்றித் தர வேண்டும். இன்டெல் சிப்பில் உள்ள க்விக் சிங்க் அந்த மாற்றத்தைச் சிரமமில்லாமல் செய்யும். ராஸ்ப்பெர்ரி பை 5-இல் இந்த வேலைக்கான வன்பொருளே இல்லை, அதனால் இதற்கு அது வேண்டாம்.

இயங்குதளத்துக்குச் சின்ன எஸ்எஸ்டி, பதிவுகளுக்குத் தனி ஹார்டு டிஸ்க். கணக்கு இப்படி: முழு அலைவரிசையையும் எடுத்துக்கொள்ளும் சேனல் மணிக்கு 8.7 ஜிபி ஆகும். ஆனால் நிலையங்கள் அதே அலைவரிசையில் துணைச் சேனல்களையும் அடைப்பதால், என் பதிவுகள் மணிக்கு 5 முதல் 7 ஜிபிக்குள் நிற்கின்றன. 4 டிபி டிஸ்க்கில் அறுநூறு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பயோஸில் கரண்ட் வந்ததும் தானாக எழும்பும்படி வைத்து, ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் சர்வர், ரௌட்டர், ட்யூனர் மூன்றையும் சேருங்கள்.

மென்பொருள்

ப்ளெக்ஸ், சேனல்ஸ் டிவிஆர், ஜெல்லிஃபின் மூன்றும் எச்டிஹோம்ரனோடு பேசும். ப்ளெக்ஸில் பதிவு செய்யக் கட்டணப் பாஸ் வேண்டும். சேனல்ஸுக்குச் சந்தா உண்டு. டிவியை மட்டுமே முழுநேர வேலையாகக் கொண்டது சேனல்ஸ். ரிமோட்டில் சேனல் மாற்றும் வேகத்தில் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் வராது. வயதானவர்கள் முக்கியமாகப் பார்க்கும் வீடென்றால் அதற்குக் காசு கொடுக்கலாம் என்பது என் எண்ணம். நான் வைத்திருப்பது ஜெல்லிஃபின். முற்றிலும் இலவசம், திறந்த மூலம். அதையே விவரிக்கிறேன்.

லினக்ஸில் ஜெல்லிஃபினை நிறுவி, நிர்வாகப் பக்கத்தில் நேரலை டிவி பகுதிக்குப் போங்கள். ட்யூனர் சேர் என்பதில் எச்டிஹோம்ரனைத் தேர்ந்து அதன் ஐபி முகவரியைக் கொடுங்கள். அடுத்தது நிகழ்ச்சி அட்டவணை. அட்டவணை இல்லாமல் பதிவு இல்லை. ஸ்கெட்யூல்ஸ் டைரக்ட் என்ற சேவையில் ஆண்டுச் சந்தா கட்டி, அந்தக் கணக்கையும் உங்கள் ஜிப் எண்ணையும் கொடுத்தால் உள்ளூர்ப் பட்டியல்கள் வரும். கேபிள் பட்டியலை அல்ல, ஆன்டெனாவுக்கான பட்டியலைத் தேர்வு செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு சேனலும் சரியான அட்டவணையோடு பொருந்தியிருக்கிறதா என்று ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். துணைச் சேனல்களில் தவறு நடப்பது சகஜம்.

வடிவம் மாற்றுவதற்கான (டிரான்ஸ்கோடிங்) அமைப்புப் பக்கத்தில் க்விக் சிங்கைத் தேர்ந்து, எம்பெக்-2 என்ற பெட்டியைக் குறியிட மறக்காதீர்கள். அதன்பின் தற்காலிகக் கோப்புகளுக்கான இடத்தைப் பெரிய டிஸ்க்குக்கு மாற்றுங்கள். நேரலை பார்க்கும்போது ஜெல்லிஃபின் அங்கே எழுதிக்கொண்டே போகும். யாராவது டிவியை அணைக்காமல் தூங்கிவிட்டால் சின்ன எஸ்எஸ்டி விடிவதற்குள் நிறைந்துவிடும்.

சி.பி.எஸ்., என்.பி.சி. இரண்டும் 1080ஐ, ஏ.பி.சி., ஃபாக்ஸ் 720பி. அந்த 'ஐ' உள்ள படத்தில் ஒற்றைவரி, இரட்டைவரி என்று மாறி மாறி வருவதால், மாற்றும்போது இரண்டையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடுகிறவரின் கை சீப்புப் பல்லாகத் தெரியும். அதே அமைப்புப் பக்கத்தில் டிஇன்டர்லேஸ் தேர்வு இருக்கிறது. விளையாட்டு பார்ப்பவர்கள் இரட்டிப்பு வேகத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

பதிவு

அட்டவணையில் நிகழ்ச்சியைத் தொட்டு, ஒருமுறையா தொடர் முழுவதுமா என்று சொன்னால் போதும். முன்னால் 2 நிமிடம், பின்னால் 5 நிமிடம் கூடுதலாகப் பதியும்படி வையுங்கள். விளையாட்டுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் கொடுங்கள். ஞாயிறு மாலை அமெரிக்கக் கால்பந்து நீண்டால் அதற்குப் பின்னால் வரும் நிகழ்ச்சிகள் எல்லாம் தள்ளிப்போகும், ஆகவே அவற்றுக்கும் இடம் விடுங்கள்.

விளம்பரங்களுக்குக் காம்ஸ்கிப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பதிவு முடிந்ததும் ஓடும்படி இணைக்கலாம். கறுப்புச் சட்டகம், ஒலி நின்ற கணம், மூலையிலுள்ள நிலையச் சின்னம் ஆகியவற்றை வைத்து விளம்பர இடைவேளையைக் கண்டுபிடிக்கும். வெட்டி எறியச் சொல்லாதீர்கள், குறிமட்டும் இடச் சொல்லுங்கள். சில சமயம் கதையின் கடைசி நிமிடத்தையும் விளம்பரம் என்று நினைத்துவிடும்.

வீட்டில் பிறகு பார்ப்பதற்காகப் பதிவு செய்வது சட்டப்படி சரியா என்று பலர் கேட்கிறார்கள். 1984 ஜனவரி 17 அன்று சோனி - யூனிவர்சல் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், வீட்டில் பின்னர் பார்ப்பதற்காகப் பதிவதை நியாயமான பயன்பாடு என்று ஏற்றது. உங்கள் வீட்டுக்காகச் செய்யுங்கள். நண்பர்களுக்குக் கணக்கு திறந்துவிடுவதும் கோப்பைப் பகிர்வதும் அதற்குள் அடங்காது.

எழுத்துத் துணை

இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகப் படிக்க வரும், ஆனால் இங்கத்திய உச்சரிப்பு பிடிபடுவதில்லை. பேசுவது எழுத்தாகத் திரையில் ஓடினால் ஒரு மணி நேர இயற்கை நிகழ்ச்சியை வரிக்கு வரி ரசிப்பார். இங்கே ஒளிபரப்பில் அந்த எழுத்து படத்துக்குள்ளேயே மறைந்து வருகிறது. வடிவம் மாற்றும்போது சுலபமாகத் தொலைந்தும் போகிறது. சிசிஎக்ஸ்ட்ராக்டர் என்ற இலவச மென்பொருள், பதிவான மூலக் கோப்பிலிருந்து அதைத் தனி எழுத்துக் கோப்பாக எடுத்துக் கொடுக்கும். காம்ஸ்கிப்போடு இதையும் ஒரே ஸ்க்ரிப்டில் ஓடவிடுங்கள். நிகழ்ச்சியின் பெயரிலேயே அந்தக் கோப்பு பக்கத்தில் இருந்தால் ஜெல்லிஃபின் தானாக எடுத்துக்கொள்ளும். இடத்தை மிச்சப்படுத்த ஹெச்.264-க்கு மாற்றுகிறவர்கள் எழுத்தை எடுத்த பிறகே மாற்றுங்கள், மாற்றிய பின் தேடினால் கிடைக்காது.

வெளியிலிருந்து பார்ப்பது

வெளியிலிருந்து உள்ளே வர ரௌட்டரில் போர்ட் என்ற கதவைத் திறந்து வைக்க வேண்டாம். டெய்ல்ஸ்கேல் போன்ற தனியார் வலைப்பின்னலைச் சர்வரிலும் கைப்பேசியிலும் நிறுவினால், உலகில் எங்கிருந்தாலும் வீட்டுக்குள் இருப்பது போலவே வேலை செய்யும். வீட்டு இணையத்தின் அப்லோடு வேகம்தான் இங்கே எல்லை. 720பி, வினாடிக்கு 4 மெகாபிட் என்று வைத்தால் பெரும்பாலான இடங்களில் தடங்காமல் ஓடும்.

புதிய ஒளிபரப்பு முறை

ஏ.டி.எஸ்.சி. 3.0 என்ற அடுத்த தலைமுறை ஒளிபரப்பு பல நகரங்களில் ஓடுகிறது. ஆனால் நிறைய நிலையங்கள் அதைப் பூட்டிட்டு அனுப்புகின்றன. ஒலியும் ஏசி-4 என்ற புதிய வடிவில் வருகிறது. நான் மேலே சொன்ன கருவிகளால் பூட்டிய சேனலைப் பதிவு செய்ய முடியாது. இப்போதைக்கு பழைய 1.0 ட்யூனரையே வாங்குங்கள். ஆன்டெனாவும் கேபிளும் எதற்கும் பொதுவானவை, அந்தச் செலவு வீணாகாது.

கடைசியாக, ஒவ்வொரு தொடருக்கும் எத்தனை பகுதிகளை வைத்திருப்பது என்று எண்ணிக்கை கொடுத்துவிடுங்கள். டிஸ்க் நிறைந்தால் புதிய பதிவு சத்தமில்லாமல் நின்றுவிடும். செய்திக்கு 3, குழந்தைகள் நிகழ்ச்சிக்கு 20 என்று வைத்திருக்கிறேன். புதன்கிழமை இரவு 13-இல் வரும் இயற்கை நிகழ்ச்சிக்கு மட்டும் எண்ணிக்கை போடவில்லை. அப்பா ஜூனில் வருகிறார்.